வஞ்சி என்று ஒரு சொல் இருக்கிறது: உலக வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் உலக வரலாறு எழுதுகிற, காணொளியில் சொல்கிற, தேர்வுக்குக் கேள்வி தயாரிக்கிற நண்பர்களுக்கு,

வணக்கம்.

என் அண்ணன் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் ஒரு மாதிரி வினாத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். "1848 குவாதலூப் இதால்கோ ஒப்பந்தத்தின்படி அமெரிக்கா மெக்சிகோவிடமிருந்து வாங்கிய பகுதி எது?" என்று ஒரு கேள்வி. விடை அவளுக்குத் தெரியும். சந்தேகம் வேறு. "முந்தின கேள்வியில போர் நடந்துச்சுன்னு போட்டிருக்கு. இதுல வாங்கினாங்கன்னு போட்டிருக்கு. ஜெயிச்சவன் எதுக்கு சித்தப்பா காசு குடுக்கணும்?"

நல்ல கேள்வி. வினாத்தாளில் இருந்த எதையும்விட நல்ல கேள்வி. பதில் சொல்லத் தொடங்கினேன், ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவள் போன பிறகு, தமிழில் இந்த 1846-48 அமெரிக்க-மெக்சிகோ போரைப் பற்றி எழுதப்பட்டதையும் பேசப்பட்டதையும் தேடிப் பார்த்தேன். அதிகமில்லை. இருப்பதில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, "அமெரிக்கா மேற்கு நோக்கி விரிந்தது" என்று ஒரே வரியில் முடிப்பது. மண் தானாக மாவு மாதிரி உப்பிக்கொண்டதுபோல. இன்னொன்று, வரைபடத்தில் நீல அம்பு, சிவப்பு அம்பு போட்டு, டெய்லர் இங்கே அடித்தார், ஸ்காட் அங்கே சுற்றி வளைத்தார் என்று கிரிக்கெட் வர்ணனை செய்வது. இரண்டிலும் எனக்குக் குறை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் அந்த "வாங்கிய" என்ற சொல்.

1845 கடைசியில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் போல்க், ஜான் ஸ்லைடெல் என்பவரை மெக்சிகோவுக்கு அனுப்பினார். கலிஃபோர்னியாவும் நியூ மெக்சிகோவும் வேண்டும், 2.5 கோடி டாலர் வரை தரலாம் என்பது அவருக்குக் கொடுத்த உத்தரவு. மெக்சிகோ அரசு அவரைத் தூதராக ஏற்கவே மறுத்தது. இரண்டு வருடம் கழித்து, தலைநகரத்தில் அந்நியப் படை உட்கார்ந்திருக்க, அதே மெக்சிகோ 1.5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டது. நம் ஊர்வழக்கில் யோசியுங்கள். ஒருவர் உங்கள் நிலத்தை விலைக்குக் கேட்கிறார். தரமாட்டேன் என்கிறீர்கள். ஆளோடு வந்து உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, முதலில் சொன்னதைவிடக் குறைந்த பணத்தை மேசைமேல் வைத்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு போகிறார். அதைக் கிரயம் என்று யாராவது சொல்வார்களா? பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் ஊருக்குத் தெரியும்.

இதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. பள்ளியில் மனப்பாடம் செய்த புறத்திணைகளை நினைத்துப் பாருங்கள். ஆநிரை கவர்ந்து சண்டையைத் தொடங்கினால் வெட்சி. அடங்காத மண் ஆசையால் ஒரு வேந்தன் இன்னொரு வேந்தன்மேல் படை எடுத்தால் வஞ்சி. அந்த ஆசைக்கே "மண்நசை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வஞ்சிப்பூ சூடிப் போகிற படை நிலத்துக்காகப் போகிறது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. "விரிவாக்கம்" என்ற சொல்லைக் கேட்டால் சாலை விரிவாக்கம்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டாயிரம் வருடமாக நம்மிடம் சரியான சொல் இருக்க, எதற்கு இந்த வழவழப்பு?

சரி, போருக்கு வருகிறேன்.

வஞ்சிக்கு முன்னால் ஒரு வெட்சி நடந்தது. டெக்சாஸ் 1836இல் மெக்சிகோவிலிருந்து பிரிந்தது. மெக்சிகோ அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1845இல் அமெரிக்கா டெக்சாஸைச் சேர்த்துக்கொண்டது. டெக்சாஸின் தெற்கு எல்லை நுவேசஸ் ஆறு என்பது மெக்சிகோவின் வாதம். இல்லை, இன்னும் தெற்கே ரியோ கிராண்டே என்பது டெக்சாஸின் வாதம். இரண்டு ஆறுகளின் முகத்துவாரங்களுக்கும் இடையே 200 கிலோமீட்டருக்கு மேல். 1846 ஜனவரியில் போல்க் தளபதி சக்கரி டெய்லரை அந்த நிலத்தைக் கடந்து ரியோ கிராண்டே கரைக்குப் போகச் சொன்னார். மார்ச் கடைசியில் மெக்சிகோவின் மாதாமோரோஸ் நகருக்கு நேர் எதிரே, ஆற்றுக்கு இந்தப் பக்கம், டெய்லரின் ஆட்கள் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். பீரங்கியின் வாய் ஊரைப் பார்த்து இருந்தது. ஏப்ரல் 25இல் மெக்சிகோவின் குதிரைப்படை, ரோந்து போன அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்றைத் தாக்கியது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மே 9, சனிக்கிழமை. பிடித்தது என்பது தப்பான சொல்தான், இருக்கட்டும். அந்தச் செய்தி வாஷிங்டனுக்கு வந்து சேராத நேரம். போல்க் அமைச்சரவையைக் கூட்டி, செவ்வாய்க்கிழமை போர் கேட்டு காங்கிரசுக்குச் செய்தி அனுப்பப்போகிறேன் என்றார். காரணம்? தராத கடன் பாக்கி, அவமதிக்கப்பட்ட தூதர். கடற்படை அமைச்சர் பேன்கிராஃப்ட் மட்டும், மெக்சிகோ முதலில் ஏதாவது செய்திருந்தால் எனக்கு இன்னும் நிம்மதியாக இருக்கும் என்று இழுத்தார். கூட்டம் கலைந்தது. அன்று மாலையே ரியோ கிராண்டே செய்தி வந்துவிட்டது. ஞாயிறு முழுக்க எழுதினார் போல்க். திங்களன்று "அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தத்தைச் சிந்திவிட்டார்கள்" என்று காங்கிரசுக்குச் சொன்னார். 13ஆம் தேதி போர் அறிவிப்பு. கீழவையில் 174க்கு 14, செனட்டில் 40க்கு 2.

இதை எத்தனை பேர் தமிழில் சொல்லியிருக்கிறீர்கள்? "எல்லைத் தகராறு போராக வெடித்தது" என்கிறீர்கள். வெடித்ததாம். யாரும் திரி கொளுத்தவில்லையாம்.

அப்புறம் படையெடுப்புகள். அம்புக்குறி நண்பர்களிடம் இங்கேதான் பேசவேண்டும். உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. பாலோ ஆல்டோவில் மே 8இல் அமெரிக்கர்களைக் காப்பாற்றியது இலகுவான குதிரைப் பீரங்கிகள் என்பதை நீங்கள் நன்றாகவே விளக்குகிறீர்கள். சுட்டுவிட்டு, மாட்டிக்கொண்டு, ஓடி, வேறு இடத்தில் நிறுத்திச் சுடுவது. அந்த முறைக்கு அவர்களைப் பயிற்றிய மேஜர் ரிங்கோல்ட் அந்தச் சண்டையில்தான் காயப்பட்டு இறந்தார். மெக்சிகோ வீரர்களிடம் இருந்தது பிரிட்டன் கழித்துவிட்ட பழைய மஸ்கெட்டுகள். இதெல்லாம் சரி. ஆனால் அம்பு நகரும்போது ஆட்கள் எதைத் தின்றார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று ஒரு நொடிகூட யாரும் நிற்பதில்லை.

ரியோ கிராண்டே பக்கம், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த காமார்கோ என்ற ஊரில் 1846 கோடையில் டெய்லரின் படை முகாமிட்டது. மான்டெரே நகரத்தைத் தாக்கக் காத்திருந்தார்கள். தன்னார்வ வீரர்களாக வந்த பையன்கள். ஊரை விட்டு அதுவரை வெளியே போகாதவர்கள். முகாமுக்குப் பக்கத்து ஆற்றில் குளித்தார்கள், அதையே குடித்தார்கள். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. அந்த ஒரு முகாமில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒரு குண்டும் பாயாமல். போர் முழுவதிலும் இறந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 13,000 பேர். சண்டையில் மாண்டவர்கள் சுமார் 1,700தான். மற்றவர்கள் பெரும்பாலும் நோய்க்குப் பலியானவர்கள். உங்கள் வரைபடத்தில் காமார்கோவுக்கு ஒரு புள்ளிகூட இல்லை, ஏனென்றால் அங்கே "ஒன்றும் நடக்கவில்லை".

நம் பழைய ஆட்கள் இதில் கெட்டி. வஞ்சித் திணையின் துறைகளைப் பாருங்கள். படை கிளம்பும்போது எழும் இரைச்சல் ஒரு துறை. பகைவர் நாட்டில் தீ வைப்பது ஒரு துறை. போருக்கு முன் வீரர்களுக்குச் சோறு போடுவது ஒரு துறை. காயப்பட்டு வந்தவரைத் தழுவிக்கொள்வது, தழிஞ்சி, ஒரு துறை. தோற்றவர் தேய்ந்துபோவதும் ஒரு துறை. பாடினவர்கள் வேந்தனிடம் பரிசில் வாங்கியவர்கள்தான். ஆனாலும் தோற்றவரின் தேய்வைச் சொல்லாமல் அந்தப் பாட்டு முழுமை ஆகாது என்று வைத்திருந்தார்கள்.

தோற்றவர் பக்கம் பார்த்தால் மெக்சிகோவின் கதை உங்கள் கையில் மிகவும் அநியாயம் படுகிறது. மெக்சிகோவின் தளபதி சாண்டா அன்னாவைக் கோமாளியாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். அவர் கோமாளித்தனத்துக்குக் குறைவில்லாதவர்தான். கியூபாவில் நாடு கடத்தப்பட்டு இருந்தவர், என்னை விட்டால் சமாதானம் பேசித் தருகிறேன் என்று போல்க்குக்கு ஆசை காட்டி, அமெரிக்கக் கடற்படையின் முற்றுகைக்கு நடுவே அவர்கள் அனுமதியோடே 1846 ஆகஸ்டில் மெக்சிகோவில் இறங்கி, நேராகப் போய்ப் படைத்தலைமையை எடுத்துக்கொண்டார். போல்க் ஏமாந்தார். அதை நானும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஆனால் சாண்டா அன்னாவின் பின்னால் நடந்தவர்கள் கோமாளிகள் இல்லை.

1847 ஜனவரி கடைசியில் சான் லூயிஸ் பொட்டோசியிலிருந்து வடக்கே சுமார் 20,000 பேர் கிளம்பினார்கள். நானூறு கிலோமீட்டருக்கு மேல், வறண்ட மேட்டுநிலம், குளிர்காலம். பலர் பிடித்துக்கொண்டு வரப்பட்ட கிராமத்து ஆட்கள். அவர்களோடு மனைவிகளும் குழந்தைகளும் நடந்தார்கள். அந்தப் படைக்குச் சமைத்துப் போட்டதும் காயத்துக்குக் கட்டுப் போட்டதும் அந்தப் பெண்கள்தான். அங்கோஸ்துரா கணவாய்க்கு வந்து சேரும்போது சுமார் 15,000 பேர்தான் மிச்சம். மற்றவர்கள் வழியில் விழுந்தார்கள் அல்லது ஓடினார்கள். வந்த களைப்போடு பிப்ரவரி 22, 23 இரண்டு நாள், டெய்லரின் ஐயாயிரத்துக்கும் குறைவான படையைத் தோல்வியின் விளிம்புக்குத் தள்ளினார்கள். 23 இரவு சாண்டா அன்னா பின்வாங்கினார். அமெரிக்கர்கள் இதை புவேனா விஸ்டா வெற்றி என்பார்கள். டெய்லர் இந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டே 1848இல் ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். திரும்பிப் போன அந்த ஆயிரக்கணக்கானவர்கள் மறுபடியும் அதே பாலைவனத்தைக் கடந்தார்கள், இந்த முறை காயங்களோடு. இதை எந்தக் காணொளியிலாவது பார்த்தீர்களா? சிவப்பு அம்பு பின்னால் போகிறது, அவ்வளவுதான்.

தலைநகரில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? போர்ச் செலவுக்குத் திருச்சபைச் சொத்தில் கைவைக்க அரசு முயன்றது. அதை எதிர்த்து நகரத்து வசதிக்காரர்களின் காவல்படை தெருவில் இறங்கிச் சொந்த அரசோடேயே சண்டை போட்டது. அதே வாரங்களில் அமெரிக்கத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டின் கப்பல்கள் வெராக்ரூஸ் கரையில் நங்கூரம் போட்டன. நாம் இதைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை உள்ளவர்களா என்பது வேறு விஷயம்.

மேற்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் "ரத்தம் சிந்தாமல்" என்ற சொற்றொடர் அதிகம் வருகிறது. அமெரிக்கத் தளபதி ஸ்டீபன் கியர்னி லெவன்வொர்த் கோட்டையிலிருந்து 1,300 கிலோமீட்டர் நடந்து 1846 ஆகஸ்ட் 18இல் சாண்டா ஃபேயில் ஒரு குண்டும் சுடாமல் நுழைந்தார். உண்மை. ஐந்து மாதம் கழித்து டாவோஸில் மெக்சிகோ மக்களும் புவேப்லோ பழங்குடிகளும் எழுந்தார்கள். அமெரிக்கர்கள் நியமித்த கவர்னர் சார்லஸ் பென்ட்டைக் கொன்றார்கள். படை வந்தது. புவேப்லோ குடியிருப்பின் தேவாலயத்தில் அடைந்துகொண்டவர்கள்மேல் பீரங்கி சுட்டது. பிடிபட்டவர்களைத் தூக்கிலிட்டார்கள்; சிலர்மீது சுமத்திய குற்றம் தேசத்துரோகம். எந்த தேசத்துக்கு? தங்கள் ஊருக்கு ஐந்து மாதம் முன்பு வந்த தேசத்துக்கு. கியர்னி கலிஃபோர்னியாவுக்குப் போகும் வழியில், அங்கிருந்து வந்த வழிகாட்டி கிட் கார்சனைச் சந்தித்தார். அங்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று கார்சன் சொல்ல, முந்நூறு பேரில் இருநூறு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார். டிசம்பர் 6இல் சான் பாஸ்குவலில் மெக்சிகோ தரப்பின் ஆந்த்ரெஸ் பிக்கோவின் ஆட்கள் வெறும் ஈட்டியோடு வந்து அவர் படையைக் கிழித்தார்கள். கியர்னிக்கே காயம். ஆக, "ரத்தம் சிந்தாமல்" என்பதை எடுத்துவிடலாம்.

வெராக்ரூஸ். போர்க்கலை பேசுகிறவர்களுக்கு இது விருந்து, ஒப்புக்கொள்கிறேன். கரையில் இறங்குவதற்கென்றே தட்டையான படகுகள் செய்யச் சொன்னார் ஸ்காட். கப்பலில் இடம் மிச்சமாக, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்படி மூன்று அளவுகளில். 1847 மார்ச் 9 மாலைக்குள் எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஓர் உயிர்ச்சேதமும் இல்லாமல் கரை ஏறிவிட்டார்கள். அதோடு நிறுத்திவிடுகிறீர்கள். மார்ச் 22 முதல் நான்கைந்து நாள் அந்த மதில் நகரத்தின்மேல் குண்டு விழுந்தது. பெண்களும் குழந்தைகளும் வெளியேற வழிவிடுங்கள் என்று அயல்நாட்டுத் தூதரக அதிகாரிகள் கேட்டபோது, முன்பே வாய்ப்புக் கொடுத்தாயிற்று என்று ஸ்காட் மறுத்தார். உழிஞை என்று நாம் சொல்கிற முற்றுகைதான். மதிலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு நொச்சி என்று தனியாக ஒரு பூவும் தனியாக ஒரு பாட்டும் பின்னால் வந்தவர்கள் கொடுத்தார்கள். நீங்களும் கொடுக்கலாம்.

ஸ்காட்டின் அவசரத்துக்கும் காரணம் இருந்தது. ஏப்ரல் தாண்டினால் அந்தக் கடலோரத்தில் மஞ்சள் காய்ச்சல். அவர் பயந்தது சாண்டா அன்னாவைவிட அதற்குத்தான். மேட்டுநிலம் ஏறும் பாதையில் செர்ரோ கோர்டோவில் சாண்டா அன்னா வழியை அடைத்தார். பக்கவாட்டுக் காடு வழியாகப் பீரங்கியைக் கொண்டுபோக ஒரு தடத்தைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் ஈ. லீ, அப்போது கேப்டன். ஏப்ரல் 18இல் மெக்சிகோ படை உடைந்தது. சாண்டா அன்னா ஓடிய அவசரத்தில் அவருடைய மரக்காலை இல்லினாய் வீரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். ஜலாப்பாவில் தன்னார்வ வீரர்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், எங்கள் பன்னிரண்டு மாதம் முடிகிறது, வீட்டுக்குப் போகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். வென்றுகொண்டிருக்கும் படை! தலைநகரம் கையெட்டும் தூரம்! மண்நசை அரசனுக்குத்தான், நடக்கிறவனுக்கு வீட்டு நசை. மிச்சம் இருந்த சுமார் 7,000 பேரோடு ஸ்காட் புவேப்லாவில் ஆகஸ்ட் வரை உட்கார்ந்திருந்தார். புதிய ஆட்கள் வந்து சேர்ந்த பிறகு, கடலோரத்தோடு இருந்த தொடர்பை விட்டுவிட்டு, வழியில் கிடைப்பதை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு தலைநகரை நோக்கி நடந்தார். கொரில்லாக் குழுக்கள் பாதையை அறுத்துக்கொண்டே இருந்ததால் அந்தத் தொடர்பைக் காப்பதற்கே பாதிப் படை வேண்டியிருந்திருக்கும். அது துணிச்சல்தான், மறுக்கவில்லை.

ஆகஸ்ட் 20இல் சுருபுஸ்கோ மடம். உள்ளே இருந்தவர்களில் சான் பத்ரீசியோ படையணியும் உண்டு: அமெரிக்கப் படையிலிருந்து ஓடிவந்து மெக்சிகோவோடு சேர்ந்தவர்கள், பெரும்பாலும் அயர்லாந்துக்காரர்கள், கத்தோலிக்கர்கள். தோட்டா தீரும்வரை நின்றார்கள். மடத்துத் தளபதி அனாயாவிடம் வெடிமருந்து எங்கே என்று கேட்டபோது, "இருந்திருந்தால் நீங்கள் இங்கே நின்றிருக்க மாட்டீர்கள்" என்றாராம். மெக்சிகோவில் இன்றும் சொல்லும் கதை. பிடிபட்ட சான் பத்ரீசியோக்காரர்களில் சுமார் 50 பேருக்குத் தூக்கு. அவர்களில் முப்பது பேரை செப்டம்பர் 13 காலை கழுத்தில் கயிற்றோடு வண்டிகளில் நிறுத்திவைத்து, தூரத்தில் தெரிந்த சாபுல்தெபெக் கோட்டையில் அமெரிக்கக் கொடி ஏறும்வரை காத்திருக்க வைத்தார்கள். கொடி ஏறியது, வண்டிகள் நகர்ந்தன. முந்தைய சண்டையில் இரண்டு கால்களையும் இழந்திருந்த ஒருவரும் அவர்களில் இருந்தார். அவர்களின் தலைவர் ஜான் ரைலி போர் அறிவிப்புக்கு முன்பே ஓடிவந்தவர் என்பதால் சட்டப்படி தூக்கு இல்லை. கன்னத்தில் சூடு போட்டு விட்டார்கள்.

அந்த செப்டம்பர் 13க்கு ஐந்து நாள் முன்பு மொலினோ தெல் ரே. ஓர் ஆலையில் பீரங்கி வார்க்கிறார்கள் என்ற வதந்தியை நம்பித் தாக்கி, ஒரு காலை நேரத்தில் எழுநூறு எண்ணூறு பேரைச் சாவுக்கும் காயத்துக்கும் கொடுத்துப் பிடித்துப் பார்த்தால், உள்ளே அப்படி ஒன்றும் இல்லை. இதற்கு அம்பு போட்டால் அம்பின் முனையில் கேள்விக்குறி போடவேண்டும்.

சாபுல்தெபெக்கில் இறந்த ராணுவக் கல்லூரி மாணவர்கள் ஆறு பேரை மெக்சிகோ இன்றும் "சிறுவர் வீரர்கள்" என்று கொண்டாடுகிறது. ஒருவர் கொடியைப் போர்த்திக்கொண்டு குதித்தார் என்பது பின்னால் வளர்ந்த கதையாக இருக்கலாம். ஆனால் நூறு வருடம் கழித்து, 1947இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் அங்கே போய் மலர்வளையம் வைத்துத் தலைகுனிந்து நின்றார் என்பது நடந்தது.

செப்டம்பர் 14இல் தலைநகரம் விழுந்தது. இப்போது அண்ணன் மகளின் கேள்வி. ஜெயித்தவர் ஏன் காசு கொடுத்தார்?

ஒரு காரணம் எளிது. மெக்சிகோவில் கையெழுத்துப் போட ஓர் அரசு உயிரோடு இருக்கவேண்டும். கேரேத்தாரோவுக்கு இடம்பெயர்ந்த அந்த அரசின் கஜானாவில் ஒன்றுமில்லை. இன்னொரு காரணம், விலை கொடுத்தால் அது கொள்ளையாகத் தெரியாது. அமெரிக்காவுக்காக ஒப்பந்தம் பேசிய நிக்கலஸ் டிரிஸ்ட்டின் கதை தனி நாவல். போல்க் அவரைத் திரும்பி வரச் சொல்லிவிட்டார். போர் இவ்வளவு தூரம் ஜெயித்தபின் இன்னும் அதிகம் கேட்கலாம் என்று வாஷிங்டனில் எண்ணம். டிரிஸ்ட், போகமாட்டேன் என்று 65 பக்கக் கடிதம் எழுதிவிட்டு, 1848 பிப்ரவரி 2இல் ஒப்பந்தத்தை முடித்தார். போல்க் அவரை வேலையைவிட்டு நீக்கிச் சம்பளத்தையும் நிறுத்தினார். பாக்கி அவர் கைக்கு வந்தது 1871இல்.

ஏன் அதோடு நின்றார்கள், ஏன் மொத்த மெக்சிகோவையும் எடுக்கவில்லை என்று சிலர் பெருந்தன்மையாக எழுதுகிறீர்கள். மொத்தத்தையும் எடு என்ற கூச்சல் அங்கே பலமாகவே இருந்தது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் செனட்டர் கால்ஹூன். 1848 ஜனவரியில் அவர் பேசியதன் சாரம், நம்முடையது வெள்ளையர் அரசாங்கம், இந்தியர்களும் கலப்பினத்தவரும் நிறைந்த தேசத்தைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பது. கோடு எங்கே விழுந்தது என்று பாருங்கள். மெக்சிகோ மக்கள் குறைவாகவும் மண் அதிகமாகவும் இருந்த இடத்தோடு வெட்டினார்கள். டெக்சாஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் மெக்சிகோவின் நிலத்தில் பாதிக்கு மேல் போயிற்று. மக்கள்தொகையில் போனது சிறு பங்கு. மண்ணில் ஆசை, மக்களில் வேண்டாம். மண்நசை என்ற சொல் எவ்வளவு துல்லியம் என்று எனக்கு இங்கேதான் உறைத்தது.

அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தவர்களின் சொத்து காக்கப்படும் என்று ஒப்பந்தம் சொன்னது. பழைய நிலமானியங்களை உறுதிசெய்த 10ஆம் பிரிவை அமெரிக்க செனட் அடித்துவிட்டுத்தான் ஏற்றது. 1851இல் கலிஃபோர்னியாவுக்கு வந்த நிலச்சட்டம், நிலம் உன்னுடையது என்று நீயே நிரூபி என்றது. வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. ஜெயித்தவர்களும் வக்கீலுக்கு நிலத்தை எழுதிக்கொடுத்தார்கள். கையெழுத்துக்கு ஒன்பது நாள் முன்பு கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்திருந்தது. மேசையைச் சுற்றி இருந்த யாருக்கும் அது தெரியாது. அந்தத் தங்கத்துக்கு வந்த கூட்டம் அங்கிருந்த பழங்குடிகளை என்ன செய்தது என்பதற்கு இன்னொரு மடல் வேண்டும். அவர்களை மெக்சிகோவும் கேட்கவில்லை, அமெரிக்காவும் கேட்கவில்லை.

இன்னொன்று. "அமெரிக்கா ஆசைப்பட்டது" என்று மொத்தமாகவும் எழுதாதீர்கள். ரத்தம் சிந்திய அந்த இடம் எது, காட்டுங்கள் என்று 1847 டிசம்பரில் கீழவையில் தீர்மானம் கொண்டுவந்த புது உறுப்பினர் பெயர் ஆபிரகாம் லிங்கன். அடுத்த மாதம் 85க்கு 81 என்ற வாக்கில், இந்தப் போர் தேவையில்லாமலும் அரசியல் சட்டத்துக்குப் புறம்பாகவும் ஜனாதிபதியால் தொடங்கப்பட்டது என்று அதே கீழவை சொன்னது. அடிமை முறையையும் இந்தப் போரையும் காட்டி வரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையிலிருந்த தோரோவை, காந்தி வழியாக நமக்கு நன்றாகவே தெரியும். லெப்டினன்டாக இந்தப் படையெடுப்பு முழுவதும் நடந்த யுலிசிஸ் கிராண்ட், சாகும் தறுவாயில் எழுதிய நினைவுக்குறிப்பில், பலமான நாடு பலவீனமான நாட்டின்மேல் தொடுத்த மிக அநியாயமான போர்களில் ஒன்று இது என்றார். பிடித்த மண்ணில் அடிமை முறை உண்டா இல்லையா என்ற சண்டைதான் பதின்மூன்று வருடத்தில் உள்நாட்டுப் போராக வந்தது. அங்கே லீயும் கிராண்ட்டும் எதிரெதிரே நின்றார்கள்.

என் கோரிக்கை பெரிதல்ல. அம்பு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காமார்கோவுக்கு ஒரு புள்ளி போடுங்கள். சான் லூயிஸ் பொட்டோசியிலிருந்து நடந்த பெண்களுக்கு ஒரு வரி கொடுங்கள். "வெடித்தது", "விரிந்தது", "இணைந்தது" என்று எழுதும்போது யார் செய்தார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். வினாத்தாள் தயாரிக்கிற நண்பர் இதைப் படித்தால், அந்தக் கேள்வியை "1848 ஒப்பந்தத்தின்படி மெக்சிகோ இழந்த பகுதி எது?" என்று மாற்றிவிடுங்கள். விடை அதேதான், கொடுக்கிற நான்கு தெரிவுகளையும் மாற்றவேண்டியதில்லை.

அன்புடன்,
ஒரு வாசகன்

பி.கு.: அந்த மரக்கால் இன்னும் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு ராணுவ அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் காணொளி போட்டால் எனக்கும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.